ஈஸ்ட்டுக்குச் சொட்டுச் சொட்டாய் ஊட்டிய கதை

சனிக்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தால் மேசை முழுக்க நுரை. மேசையிலிருந்து தரைக்கு வழிந்து, அங்கே பாதி காய்ந்து, எறும்பு வரிசை கட்டியிருந்தது. கள்ளுக்கடை வாடை. அட்டெண்டர் அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், இந்த நேரம் பார்த்து யாராவது ரவுண்ட்ஸ் வந்தா என்ன சொல்றது?"

வேதியியல்தான் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். எம்.எஸ்ஸி. மாணவர் ஒருவருக்கு வேனிற்கால புராஜெக்ட் வேண்டும். கையில் காசு இல்லை. வாங்கித் தரச் சொல்லி எழுதினால் இரண்டு மாதம் கழித்துதான் பொருள் வரும். பேக்கரி ஈஸ்ட்டை வைத்து ஒரு கைரல் ஆல்கஹால் செய்யலாம் என்று முடிவு செய்தோம். எத்தில் அசிட்டோஅசிட்டேட் என்ற கீட்டோ எஸ்டரை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் அது எத்தில் 3-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டாக மாற்றித் தரும். 1985-இல் சூரிச்சில் டீட்டர் ஸேபாக் குழுவினர் வெளியிட்ட செய்முறை உலகம் முழுக்கக் கல்லூரிகளில் நடக்கிறது. தேவையானவை ஈஸ்ட், சர்க்கரை, குழாய்த் தண்ணீர், கொஞ்சம் கீட்டோ எஸ்டர். எங்கள் அலமாரியில் கீட்டோ எஸ்டர் அரை லிட்டர் புட்டி பிரிக்காமலே இருந்தது.

இதே மாற்றத்தை சோடியம் போரோஹைட்ரைடு போட்டு இரண்டு மணி நேரத்தில் செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஒப்பிடுவதற்காக அதையும் செய்தோம். ஆனால் அதில் வருவது சரிபாதிக் கலவை. இந்த மூலக்கூறுக்கு இடது செருப்பு, வலது செருப்பு போல இரண்டு வடிவங்கள் உண்டு; கைரல் என்பது இதைத்தான். போரோஹைட்ரைடுக்குக் கண் கிடையாது; ஹைட்ரஜனை எந்தப் பக்கத்திலிருந்தும் ஒட்டும். ஈஸ்ட்டுக்குள் இருக்கும் நொதிக்கோ கீட்டோ எஸ்டர் உட்காரும் குழி ஒரு வாகில்தான் இருக்கும், அதனால் ஹைட்ரஜனும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். மருந்து செய்கிறவர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். உடம்பும் ஒரு காலுக்குரிய செருப்பைத்தான் போட்டுக்கொள்ளும்.

சரி, ஈஸ்ட்டுக்கு வருவோம். ஸேபாக் செய்முறையில் அழுத்திக் கட்டியாக்கிய ஈர ஈஸ்ட் சொல்லியிருக்கிறார்கள். மதுரைப் பக்கம் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. பேக்கரி சாமான் கடையில் செங்கல் மாதிரி இறுகிய அரைக் கிலோ உலர் ஈஸ்ட் பாக்கெட்தான் இருந்தது. கடைக்காரர் கேட்டார்: "காலேஜ்ல பன்னு போடப் போறீங்களா சார்?" "ஆமாண்ணே, திங்க முடியாத பன்னு" என்று சொல்லிவிட்டு வந்தேன். நூறு கிராம் ஈர ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய 35 கிராம் உலர் ஈஸ்ட் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் தடவை செய்த தப்பு பாத்திரத்தில். இரண்டு லிட்டர் கூம்புக் குடுவையில் 1.2 லிட்டர் திரவம் வைத்தோம். 150 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் எவ்வளவு கரியமில வாயு வரும் என்று அன்றைக்குக் கணக்குப் போடவில்லை. நுரையைத் துடைக்கும்போது போட்டோம். ஒரு மோல் சர்க்கரை நான்கு மோல் வாயு தரும். 150 கிராம் என்பது 0.44 மோல். அறை வெப்பத்தில் அது 43 லிட்டருக்கு மேல். அவ்வளவும் ஒரு குடுவையின் கழுத்து வழியாக, ஈஸ்ட்டின் புரதத்தைச் சோப்புபோல நுரைத்துக்கொண்டு வெளியேற வேண்டும். நல்லவேளை, கார்க் போடாமல் பஞ்சு வைத்திருந்தோம். கார்க் வைத்திருந்தால் துடைத்ததோடு முடிந்திருக்காது.

மாணவர் நுரைக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடலாமா என்று கேட்டார். பாயசம் பொங்கினால் வீட்டில் நெய் விடுவார்களே என்றார். நல்ல யோசனைதான். ஆனால் பிற்பாடு கரைப்பானால் விளைபொருளைப் பிரிக்கும்போது எண்ணெயும் கூடவே வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஐந்து லிட்டர் வட்டக் குடுவையை இறக்கினோம்.

அடுத்த பேட்ச். 800 மி.லி. தண்ணீர், 150 கிராம் சர்க்கரை, 35 கிராம் ஈஸ்ட். கால் மணி நேரத்தில் மேலே பழுப்பு நுரை கட்டி, ஆப்பமாவு போல மெல்லப் பெருமூச்சு விட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்து 10 கிராம் கீட்டோ எஸ்டரை ஒரே ஊற்றாக ஊற்றினோம். இந்த 'ஒரே ஊற்றாக' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். கீட்டோ எஸ்டருக்கு ஹைட்ரஜன் கொடுப்பது என்.ஏ.டி.பி.ஹெச். என்ற துணைநொதி. ஒரு மூலக்கூறை ஒடுக்கியவுடன், அதாவது ஹைட்ரஜனைக் கொடுத்தவுடன், அது வெறுங்கையாகிவிடும். கடையில் வாங்கி எடைக்கு எடை போட்டால் தங்கம் வாங்குவது மாதிரி. ஆனால் உயிருள்ள செல், சர்க்கரையை எரித்து அதே துணைநொதியைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்கிறது. சர்க்கரை விறகு மாதிரி, கூலியும் அதுதான். பெரிய மருந்து ஆலைகளும் இதே தந்திரத்தைத்தான் செய்கின்றன. கொழுப்புக்குக் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையின் பக்கச் சங்கிலிக்கான இடைப்பொருளைக் கோடெக்சிஸ் நிறுவனம் நொதிகளால் செய்து காட்டியது; அதற்கு 2006-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. அங்கே தொடக்கப்பொருள் எங்கள் கீட்டோ எஸ்டரின் நெருங்கிய உறவு, ஒரு குளோரின் அணு மட்டும் கூடுதல். ஒடுக்குகிற நொதிக்குப் பக்கத்தில் குளுக்கோஸை எரிக்கும் இன்னொரு நொதியைப் போட்டு, துணைநொதியை நிரப்பிக்கொள்கிறார்கள். என் அப்பா ராத்திரி போடும் மாத்திரை அதுதான். அவரிடம் சொன்னேன். "அதான் சர்க்கரை ஏறுதா?" என்றார்.

மே மாதத்தில் எங்கள் ஆய்வகம் மதியம் 36 டிகிரி. ஈஸ்ட் நொதிக்கும் சூடும் சேர்ந்து குடுவைக்குள் 39 காட்டியது. 30-ஐ ஒட்டி இருந்தால்தான் ஈஸ்ட் ஒழுங்காக வேலை செய்யும். குளிரூட்டும் தொட்டி கிடையாது. துணி துவைக்கும் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, குடுவையை அதில் இறக்கி, மேலே ஈரத்துண்டு சுற்றி, துண்டின் நுனி தண்ணீரில் தொங்கும்படி விட்டோம். மண்பானை குளிர்வது மாதிரிதான். ஒரு மணி நேரத்தில் 31-க்கு வந்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போய்க் காந்தக் கலக்கி நின்றது. ஈஸ்ட் அடியில் படிந்தது. திரும்ப வந்ததும் கலங்கியது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எப்போது முடியும் என்று பார்க்க எங்களிடம் ஜி.சி. (கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு குரோமட்டோகிராஃப்) இல்லை. ஃபெரிக் குளோரைடு இருந்தது. கீட்டோ எஸ்டரில் ஒரு சொட்டு விட்டால் நாவல்பழச் சாறு மாதிரி நிறம் வரும். விளைபொருளுக்கு அந்த நிறம் வராது. தினம் இரண்டு முறை குடுவையிலிருந்து இரண்டு மி.லி. எடுத்து, கொஞ்சம் எத்தில் அசிட்டேட்டில் குலுக்கி, மேலடுக்கை வெள்ளை ஓட்டின் குழியில் விட்டுச் சோதித்தோம். முதல் நாள் கருஞ்சிவப்பு. இரண்டாம் நாள் இன்னொரு 100 கிராம் சர்க்கரை போட்டோம். அன்று மாலை ரோஜா நிறம். மூன்றாம் நாள் காலை, மங்கலான மஞ்சளில் சிவப்பின் சாயல் மட்டும். அதோடு நிறுத்தினோம்.

இந்தச் சோதனையை அலட்சியம் செய்யக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 12 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கீட்டோ எஸ்டர் கொதிப்பது ஏறக்குறைய 71 டிகிரி. விளைபொருள் கொதிப்பது 71 முதல் 73. வாலைவடித்துப் பிரிக்க வழியே இல்லை. ஈஸ்ட் தின்னாமல் விட்டது கடைசிவரை கூடவே வரும்.

ஈஸ்ட் தன் பங்கைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டது. எங்கள் பாடு அப்புறம்தான் ஆரம்பம். ஒரு லிட்டர் ஈஸ்ட் கஞ்சியிலிருந்து ஒரு ஸ்பூன் எண்ணெய் மாதிரியான திரவத்தை எடுக்க வேண்டும். முதலில் புஷ்னர் புனலில் வடிகட்டித் தாள் போட்டு ஊற்றினோம். மூன்று நிமிடம் ஒழுகியது. பிறகு தாளின் மேல் ஈஸ்ட் செல்கள் களிமண் பூச்சு மாதிரி படிந்து, சொட்டுகூட இறங்கவில்லை. பம்பு கத்திக்கொண்டே இருந்தது. தாளை மாற்றினோம், மறுபடி அதே கதை. இப்படி நாலு தாள் போனது.

வழி இதுதான். கஞ்சியை ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்தோம். மேலே தெளிந்த நீர் முக்கால்வாசி. அதை முதலில் சாய்த்து எடுத்துக்கொண்டோம். அடியில் உள்ள குழம்பில் மூன்று கரண்டி ஹைஃப்ளோவைக் கலக்கி, புனலிலும் தாளின் மேல் ஒரு விரல் கனத்துக்கு ஹைஃப்ளோ படுக்கை போட்டு, அதன் மேல் ஊற்றினோம். அரை மணி நேரத்தில் முடிந்தது. ஹைஃப்ளோ என்பது டயட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்த மண். இதில் ஒரு வேடிக்கை. 1897-இல் எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடும் இதே டயட்டம் மண்ணோடும் அரைத்து, பிழிந்து, செல் இல்லாத சாற்றை எடுத்தார். அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்தது. வேலை செய்வது உயிர் அல்ல, உள்ளே இருக்கிற நொதி என்று அப்போதுதான் தெரிந்தது. 1907-இல் நோபல் கிடைத்தது. மாணவர் உடனே "அப்போ அவர் புனல்தான் இது" என்றார். இல்லை. புனல் எர்ன்ஸ்ட் புஷ்னருடையது. அவர் வேறு ஆள். ஒரே சாயங்காலம் இரண்டு பேரின் சரக்கையும் ஒன்றாகப் பயன்படுத்தியிருக்கிறோம்.

செய்முறையில் ஈதரால் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. ஈதர் 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். எங்கள் அறையே 36. புட்டி மூடியைத் தளர்த்தினாலே 'புஸ்' என்கிறது. ஆகவே எத்தில் அசிட்டேட். வடிநீரில் உப்பைப் போட்டுப் போட்டுக் கரையாத அளவுக்குக் கொண்டுவந்தோம். ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 350 கிராம் ஆனது. உப்பு நிறைந்த நீரில் விளைபொருளுக்கு இடமில்லாமல் போய், அது கரைப்பானுக்கு ஓடிவிடும்.

பிரிபுனலில் முதல் குலுக்கல். மேலே கரைப்பான், கீழே நீர், நடுவில் மூன்று விரல் கனத்துக்குத் தயிர் ஆடை. ஈஸ்ட் புரதம் குலுக்கலில் பால்மமாகிவிட்டது. காத்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆகியும் தயிர் தயிராகவே இருந்தது. பிரிபுனலைக் குலுக்கும் பழக்கத்தை மாணவர்கள் செய்முறைத் தேர்வில் கற்றுக்கொள்கிறார்கள். இங்கே அது உதவாது. புனலைச் சாய்த்து, ஆட்டுக்கல் சுற்றுவது மாதிரி மெதுவாகச் சுழற்றினால் போதும். உருவாகிவிட்ட தயிரை எடுத்து மறுபடி ஹைஃப்ளோ வழியாக உறிஞ்சினோம். கீழே வந்தது சமர்த்தாக இரண்டு அடுக்காகப் பிரிந்தது. இப்படி நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் 200 மி.லி. கரைப்பான். நீரகற்றிய சோடியம் சல்ஃபேட்டில் உலர்த்தி, கரைப்பானை ஓட்டிவிட்டால் மஞ்சள் எண்ணெய்.

வாலைவடிக்க வெற்றிடம் வேண்டும். எங்களிடம் நீர்ச்சுழற்சிப் பம்பு. அது தண்ணீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறங்காது. 30 டிகிரித் தண்ணீரின் ஆவியழுத்தமே 32 மி.மீ. ஐரோப்பியர்கள் குழாயைத் திறந்ததும் 12 மி.மீ. பிடிப்பது அவர்கள் ஊர்க் குளிரால். அட்டெண்டர் அண்ணன் ஜூஸ் கடையில் சொல்லி ஒரு பார் ஐஸ் வாங்கி வந்தார். அதை உடைத்துப் பம்பின் தொட்டியில் போட்டதும் மானோமீட்டர் இறங்கி 15 மி.மீ.யில் நின்றது. 75 முதல் 77 டிகிரிக்குள் வந்ததைப் பிடித்தோம். நிறமில்லாத திரவம், லேசான பழவாசம். 4.6 கிராம். கணக்குப்படி கிடைக்க வேண்டியது 10.15. ஆக 45 சதவீதம். தயிரிலும் தாளிலும் போனது போக இது பரவாயில்லை.

இனி போலாரிமீட்டர். இடது செருப்பும் வலது செருப்பும் தளமாக்கிய ஒளியை எதிரெதிர்ப் பக்கம் சுழற்றும்; எவ்வளவு சுழற்றுகிறது என்று அளக்கும் கருவி இது. எங்களுடையது பழைய அரைநிழல் வகை, சோடியம் விளக்கு, 2 டெசிமீட்டர் குழாய், 0.1 டிகிரி வரை படிக்கலாம். 1.25 கிராமை 25 மி.லி. குளோரோஃபார்மில் கரைத்துக் குழாயை நிரப்பினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுனியில் ஈரம். குழாயின் ரப்பர் வாஷர் குளோரோஃபார்மில் ஊறி உப்பி, கண்ணாடித் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. பிளம்பிங் கடையில் டெஃப்ளான் டேப் வாங்கி, வாஷரைச் சுற்றி இரண்டு மடிப்பு கட்டினோம். ஒழுகல் நின்றது.

இருட்டறை. மஞ்சள் வட்டம், இடப்பாதி வெளிச்சம், வலப்பாதி இருள். திருகினால் மாறும். இரண்டும் ஒரே மங்கலாகும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். நானும் மாணவரும் தனித்தனியாக ஐந்து ஐந்து முறை படித்தோம். பூஜ்யப் பிழை கழித்து 3.2 டிகிரி, வலப்புறமாக. குழாய் நீளத்துக்கும் செறிவுக்கும் வகுத்தால் +32. ஈஸ்ட் அதிகம் தரும் வடிவத்துக்கு எஸ் என்று பெயர். தூய எஸ் வடிவத்துக்குக் குளோரோஃபார்மில் +43.5 வர வேண்டும். எங்களது அதில் 74 சதவீதம். அதாவது நூறு மூலக்கூறில் 87 ஒரு கால் செருப்பு, 13 மறு கால்.

ஸேபாக் குழுவுக்கு இதே செய்முறையில் 85 சதவீதம் கிடைத்திருந்தது. எங்களுக்கு ஏன் குறைந்தது? முதலில் சந்தேகப்பட்டது தின்னாமல் விட்ட கீட்டோ எஸ்டரை. அது ஒளியைச் சுழற்றாது. கலந்திருந்தால் சுழற்சியை நீர்த்துவிடும். இதற்கு அந்தப் போரோஹைட்ரைடு சரக்கு கைகொடுத்தது. (அதைப் போலாரிமீட்டரில் வைத்தால் சுத்தமாகப் பூஜ்யம். வாசனை, கொதிநிலை, தோற்றம் எல்லாம் ஈஸ்ட் சரக்கு மாதிரியே. இந்த ஒரு பூஜ்யத்தைக் காட்டவே அதைச் செய்திருந்தோம்.) அதில் 1, 3, 5, 10 சதவீதம் கீட்டோ எஸ்டர் கலந்து, ஃபெரிக் குளோரைடு விட்டு வரிசையாக வைத்தோம். ஈஸ்ட் சரக்கின் நிறம் 3 சதவீதக் குழிக்குப் பக்கத்தில் வந்தது. குறை இந்த 3 சதவீதத்தால் மட்டும் என்றால் கருவி 3.2 அல்ல, 4.2 டிகிரியாவது காட்டியிருக்க வேண்டும். அடுத்த சந்தேகம் மிச்சமிருந்த எத்தில் அசிட்டேட். அரை மணி நேரம் பம்பில் வைத்தும் எடை குறையவில்லை. அதுவும் இல்லை.

ஆக, குற்றவாளி ஈஸ்ட்டேதான். அதாவது, நாங்கள் ஊட்டிய விதம்.

ஈஸ்ட் ஒரே நொதி அல்ல. இந்தக் கீட்டோ எஸ்டரை ஒடுக்கத் தெரிந்த நொதிகள் அந்த ஒரு செல்லுக்குள்ளேயே பல. சில எஸ் வடிவத்தைச் செய்யும், சில எதிர்ப்பக்கத்தை. விஸ்கான்சினில் சார்லஸ் ஸியின் குழு எண்பதுகளில் இதைப் பிரித்துக் காட்டியது. குளோரின் உள்ள கீட்டோ எஸ்டரில் எஸ்டர் வாலின் நீளத்தை மாற்றினாலே விளைபொருள் மறு கால் செருப்பாகிவிடுகிறது என்றும் காட்டினார்கள். வேறு வேறு நொதிகள் முந்திக்கொள்வதுதான் காரணம். எங்கள் விஷயத்தில், எஸ் செய்யும் நொதிகளுக்குச் செறிவு குறைவாக இருந்தாலே போதும், பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்க நொதிகளுக்குச் செறிவு நிறைய இருந்தால்தான் வேகம் வரும். பந்தியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினால் முன்வரிசையில் இருப்பவர்கள் மட்டும் சாப்பிட்டு முடிப்பார்கள். அண்டாவோடு கொட்டினால் பின்வரிசையும் கை நீட்டும். நாங்கள் 800 மி.லி.யில் 10 கிராமை அண்டாவோடு கொட்டியிருக்கிறோம். லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல். 1 கிராமுக்குக் கீழே வைத்திருந்தால் 95 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும் என்று ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. படித்திருந்தேன். எங்களிடம் அதற்குச் சாதனம் இல்லை என்று தள்ளிவிட்டிருந்தேன்.

சிரிஞ்சு பம்பு இல்லைதான். மாணவரின் அக்கா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவரிடம் போனில் கேட்டபோது சிரித்துவிட்டு, "குழந்தைங்களுக்குப் போடுற மைக்ரோ டிரிப் செட் வாங்குடா. ஒரு மி.லி.க்கு அறுபது சொட்டு. நிமிஷத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மி.லி. எங்களுக்கு அதான் கணக்கு" என்றாராம். எத்தனை அழகான கணக்கு! 10 கிராம் கீட்டோ எஸ்டரை 500 மி.லி. தண்ணீரில் கரைத்தோம். 30 மணி நேரத்தில் இறங்க வேண்டும். மணிக்கு 17 மி.லி. நிமிடத்துக்கு 17 சொட்டு.

காலி குளுக்கோஸ் புட்டியில் கரைசலை ஊற்றி, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். கீழே டப்பில் ஈரத்துண்டு சுற்றிய குடுவை. ஜன்னல் பக்கம் போன எம்.எஸ்ஸி. பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "சார், பேஷண்ட் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உருளைக் கவ்வியைத் திருகி, வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணி, 17-இல் நிறுத்தினோம். ஆனால் புட்டியில் மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும். விடுதியில் இருந்த மாணவர் ராத்திரி இரண்டு முறை வந்து பார்த்தார். விடிகாலை வந்தபோது 11 சொட்டாக இறங்கியிருந்தது. திரும்பச் சரிசெய்தார். 30 மணி நேரம் என்பது 37 ஆனது. வேகம் கூடியிருந்தால்தான் கவலை; குறைந்ததில் நஷ்டமில்லை. நடுவில் சர்க்கரை 100 கிராம் போட்டோம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபெரிக் குளோரைடு சோதனை. எப்போது எடுத்தாலும் வெளிர் சிவப்பைத் தாண்டவில்லை. அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சொட்டு முடிந்து எட்டு மணி நேரத்தில் சிவப்பே இல்லை. ஃபெரிக் குளோரைடின் சுத்த மஞ்சள்.

ஒரு கவலை இருந்தது. டிரிப் குழாய் பி.வி.சி. அதை வளைய வைக்கும் பிளாஸ்டிசைசர் கீட்டோ எஸ்டரில் கரைந்து வரக்கூடும். முடிந்தபின் குழாயைத் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் விறைத்த மாதிரி இருந்தது. ஆக ஏதோ கரைந்திருக்கிறது. ஆனால் அந்த ரகப் பொருள்கள் 380 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். வாலைவடிக்கையில் குடுவையின் அடியில் தங்கிவிடும். தங்கியது, பிசுபிசுவென்று ஒரு எச்சம் இருந்தது. அடுத்த முறை சிலிக்கான் குழாய் மாட்ட வேண்டும்.

இந்த முறை வடிகட்டல், பிரித்தல் எல்லாம் சிக்கலில்லாமல் போனது. குலுக்கவில்லை, சுழற்றினோம். தயிர் ஒரு விரல் கனம்தான். அளவு கூடுதல் என்பதால் கரைப்பான் 300 மி.லி. வீதம் நான்கு முறை ஆனது. பிழிந்த ஈஸ்ட் கட்டியை அட்டெண்டர் அண்ணன் விடுதித் தென்னைக்குக் கொண்டுபோனார். உப்பும் கரைப்பானும் கலந்த நீரைத் தொட்டியில் ஊற்ற விடவில்லை; கழிவுக் கேனில் போனது. ஐஸ் ஒரு பார். 75 முதல் 76 டிகிரி. 5.8 கிராம், 57 சதவீதம்.

போலாரிமீட்டர் விளக்கைப் போட்டு, சூடேறக் கால் மணி நேரம் விட்டோம். அதே 1.25 கிராம், அதே 25 மி.லி., புது டேப் சுற்றிய வாஷர். நான் படிக்கவில்லை. மாணவரைப் படிக்கச் சொன்னேன்; விடை தெரிந்த கண்ணுக்கு விடைதான் தெரியும். அவர் ஐந்து முறை திருகித் திருகிப் படித்து, ஒவ்வொன்றையும் தாளில் எழுதி, சராசரி போட்டு, பிழை கழித்து, தாளை என் பக்கம் திருப்பினார். 4.1.

+41. அதாவது 94 சதவீதம். எங்கள் கருவியின் 0.1 டிகிரி என்பதே இரண்டு சதவீதத்துக்கு மேல் வரும் என்பதால், 92-க்கும் 96-க்கும் நடுவில் எங்கோ. நூற்றுக்கு 97 ஒரே காலுக்கு. ஈஸ்ட் அதே பாக்கெட், சர்க்கரை அதே கடை. சொட்டு மட்டும் வேறு.

குளோரோஃபார்மை ஓட்டி, படித்த சரக்கையும் மீட்டு, சிறு குப்பியில் அடைத்து, தேதியும் சுழற்சியும் எழுதி ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். இதற்கு நடுவில் மாணவர் எங்கேயோ படித்துவிட்டு வந்து நிற்கிறார். 2002-இல் ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி.யில் (இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம்) கேரட் துண்டுகளை வைத்தே கீட்டோன்களை ஒடுக்கியிருக்கிறார்களாம். உண்மைதான். வடிகட்ட ஈஸ்ட் கிடையாது, தயிர் கிடையாது, துண்டுகளை அப்படியே எடுத்துவிடலாம். திங்கட்கிழமை இரண்டு கிலோ கேரட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மைக்ரோ டிரிப் செட்டும் புதிதாக ஒன்று.